மிசிசிப்பிக் கரையில் ஒரு சிறு முனை

செயின்ட் லூயிஸ் நகரத்திலிருந்து 55-ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டினால் கேப் ஜிராடோ வந்துவிடும். மிசூரி மாநிலத்தின் தென்கிழக்கில், மிசிசிப்பி ஆற்றை ஒட்டிய நடுத்தர ஊர். மெம்பிஸுக்கோ நியூ ஆர்லியன்ஸுக்கோ போகிற நம்மவர்கள் இங்கே பெட்ரோல் போட்டு, ஒரு காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். நெடுஞ்சாலையை விட்டுச் சில மைல் கிழக்கே திரும்பினால் ஆறு, ஆற்றங்கரையில் முந்நூறு வருடக் கதை. அதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. நான் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் சொல்லப்போகிறேன்.

கடலே இல்லாத ஊருக்கு எப்படி இப்படி ஒரு பெயர் வந்தது என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். ஊருக்குச் சற்று வடக்கே சுண்ணாம்புக்கல் பாறை ஒன்று ஆற்றுக்குள் துருத்திக்கொண்டு நின்றது. கடல்முனை மாதிரி ஒரு ஆற்றுமுனை. எதிர்நீரில் படகைத் தள்ளிக்கொண்டு வருகிறவனுக்கு அப்படி ஒரு முனை பெரிய ஆறுதல். அதன் மறைவில் நீரின் வேகம் குறையும், படகை ஒதுக்கலாம், மேலே ஏறி நின்று ஆற்றின் இரண்டு திசையையும் பார்க்கலாம். ஆற்றின் இல்லினாய்ப் பக்கம் கஸ்காஸ்கியாவில் பிரெஞ்சுப் படை ஒன்று இருந்தது. அதில் பணியாற்றிய ழான் பாப்தீஸ்த் ஜிராடோ என்ற அதிகாரி 1733 வாக்கில் இந்தப் பாறையருகே ஒரு வணிகக் கொட்டகை போட்டார் என்பது ஊரார் சொல்லும் வரலாறு. தோலும் மயிர்ப்போர்வையும் கொடுத்து வாங்கும் வியாபாரம். அவர் போய்விட்டார். பெயர் படகோட்டிகள் வாயிலும் வரைபடங்களிலும் தங்கிவிட்டது.

இன்றைக்கு அந்த இடம் கேப் ராக் பூங்கா. குன்றின் மேல் வளைந்து ஏறி இறங்கும் ஒரு சாலை, வண்டி நிறுத்தக் கொஞ்சம் இடம், ஒரு நினைவுப்பலகை, கீழே ஆறு. முனையைத் தேடிக்கொண்டு போகிறவர்கள் கைப்பிடிச் சுவரருகே நின்று எட்டி எட்டிப் பார்ப்பார்கள். முனை இல்லை. கரையோரமாகத் தண்டவாளம் போட்டபோது பாறையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். இப்போது நாம் நிற்பது அந்தப் பாறையின் அடித்தோள். கீழே சரக்கு ரயில் போகும், அதற்கும் கீழே பார்ஜ்களை வரிசையாகக் கட்டித் தள்ளிக்கொண்டு இழுவைப்படகுகள் போகும். ஊருக்குப் பெயர் கொடுத்த பாறையை ஊரே இழந்துவிட்டது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம். ரயில் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அங்கே நிற்கும்போதெல்லாம் இல்லாத அந்தப் பாறையைத்தான் கண் தேடுகிறது.

அந்த மேட்டில் நின்று தெற்கே பார்த்தால் நில அமைப்பு கொஞ்சம் புரியும். மிசூரியின் தென்பாதியை நிரப்பிக்கொண்டிருக்கும் ஓசார்க் மேட்டுநிலம் இங்கே வந்து முடிகிறது. இதற்குத் தெற்கே ஆறு தன் வண்டலால் நிரப்பிய தாழ்ந்த சமவெளி, மெக்சிகோ வளைகுடா வரைக்கும். ஓஹையோ ஆறு மிசிசிப்பியில் கலக்கும் இடம் இங்கிருந்து ஆற்றுவழியில் 52 மைல் கீழே. அந்தச் சங்கமத்திலிருந்து மேலே ஏறி வருகிறவர்கள் சதுப்பையும் வெள்ளக்காட்டையும் தாண்டி, உறுதியான மேட்டில் கால் வைக்கிற இடம் இது. பிரெஞ்சுக்காரர், ஸ்பானியர், அமெரிக்கர், உள்நாட்டுப் போரின் படைகள் என்று எல்லோரும் இந்தக் கரையைத் தேடி வந்ததற்கு இந்த நிலம்தான் காரணம்.

ஜிராடோவுக்குப் பிறகு அறுபது வருடம் கழித்து வந்தவர் லூயி லோரிமியே. ஊரின் உண்மையான ஸ்தாபகர் என்றால் இவர்தான். கனடாவில் பிறந்த பிரெஞ்சு வணிகர். முதலில் ஓஹையோ பகுதியில் ஷானி, டெலவேர் மக்களோடு வியாபாரம் செய்துகொண்டிருந்தார். அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷ்காரர் பக்கம் நின்றதால், 1782-இல் ஜார்ஜ் ரோஜர்ஸ் கிளார்க்கின் படை வந்து அவருடைய கடையைக் கொளுத்திவிட்டது. எல்லாம் போன பிறகு மிசிசிப்பியைத் தாண்டி, அப்போது ஸ்பெயின் ஆட்சியில் இருந்த மேற்குக் கரைக்கு வந்து சேர்ந்தார். 1793-இல் ஸ்பானிய அரசு அவருக்கு இங்கே குடியேறும் உரிமையைக் கொடுத்தது, பிறகு வட்டாரத்துக்கே அதிகாரியாகவும் ஆக்கியது. ஆற்றங்கரையில் அவர் கட்டிய வீட்டுக்கும் கடைக்கும் சிவப்பு வீடு என்று பெயர். அதன் நினைவாக ஊரில் மாதிரி வீடு ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

லோரிமியே தனியாக வரவில்லை என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஓஹையோவில் அமெரிக்கப் படைகள் ஊர் ஊராக எரித்ததில் நிலம் இழந்த ஷானி, டெலவேர் மக்கள் கூட்டம் கூட்டமாக இந்தப் பக்கம் வந்தார்கள். கேப் ஜிராடோவுக்கு வடக்கே ஆப்பிள் கிரீக் என்ற ஓடையின் கரைகளில் ஊர்கள் அமைத்தார்கள். ஸ்பானிய அரசுக்கும் அது வேண்டியிருந்தது, ஏனென்றால் எல்லையில் காவலுக்கு ஆட்கள் கிடைத்தார்கள். லோரிமியேயின் மனைவி சார்லட்டும் ஷானி வம்சத்தவர். அந்த மக்களிடம் அவருக்கு இருந்த செல்வாக்கில் பாதிக்கு மேல் மனைவி வழியாக வந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

சார்லட் 1808-இல் இறந்தபோது ஆற்றைப் பார்த்த குன்றின் மேல் அடக்கம் செய்தார்கள். அதுவே ஊரின் பழைய இடுகாடாக வளர்ந்தது. நான்கு வருடம் கழித்து லோரிமியேயும் பக்கத்திலேயே வந்து சேர்ந்தார். அவர்கள் கல்லறை இப்போதும் ஒரு சிறு கூரையின் கீழ் இருக்கிறது. ஷானி குலத்தின் மிக உயர்ந்த மாதரசி என்ற பொருளில் சார்லட்டுக்கு லத்தீனில் வாசகம் வெட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஆற்றோர ஊர்களின் பழைய கல்லறைகள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். ஒரு பழங்குடிப் பெண்ணை முதலில் வைத்து, அவளைச் சுற்றி ஊரே பின்னால் அடக்கமான இடம் வேறெங்கும் என் கண்ணில் படவில்லை. கேப் ஜிராடோவில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க நேரமிருக்கிறது என்றால் இங்கே போங்கள்.

லோரிமியேயைப் பற்றிய ஒரு சித்திரம் நமக்குக் கிடைத்திருப்பது மெரிவெதர் லூயிஸ் எழுதிய நாட்குறிப்பால். பசிபிக் கடல்வரை போன லூயிஸ் - கிளார்க் பயணம் பற்றிப் பலருக்குத் தெரிந்திருக்கும். அந்தப் படகுகள் ஓஹையோவிலிருந்து மிசிசிப்பியில் ஏறி செயின்ட் லூயிஸ் பக்கம் போகும் வழியில், 1803 நவம்பர் 23 அன்று லூயிஸ் இங்கே இறங்கி ஸ்பானிய அதிகாரியைத் தேடிப் போனார். அதிகாரி வீட்டில் இல்லை. குதிரைப் பந்தயம் நடக்கிற இடத்தில் இருந்தார். பந்தயத்தில் தோற்றவர்களும் ஜெயித்தவர்களும் குதிரைகளைக் கேட்டு மல்லுக்கு நிற்க, லோரிமியே நடுவில் சமாதானம் செய்துகொண்டிருந்தார். லூயிஸை அதிகம் கவர்ந்தது அவருடைய தலைமுடி. ஒரு காலத்தில் நின்றால் தரையைத் தொடுமாம், அப்போதும் முழங்கால் வரை நீண்ட பின்னலாக இருந்தது என்று எழுதிவைத்தார். பிறகு வீட்டுக்குப் போய்க் குடும்பத்தோடு இரவுச் சாப்பாடு.

இதில் எனக்கு வியப்பு எங்கே என்றால், லூயிஸின் கூட்டாளி வில்லியம் கிளார்க் வேறு யாருமில்லை, 21 வருடம் முன்னால் லோரிமியேயின் கடையைக் கொளுத்திய ஜார்ஜ் ரோஜர்ஸ் கிளார்க்கின் தம்பி. அந்தப் பயணத்தின் ஆளுக்குத்தான் லோரிமியே வீட்டில் சோறு போட்டார். அப்போது அவர் மனதில் என்ன ஓடியது என்று எந்தக் குறிப்பும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வருடமே மேற்குக் கரை முழுவதும் அமெரிக்கக் கொடியின் கீழ் வரப்போகிறது என்பது அந்த மேசையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

வந்தது. ஸ்பெயின் கொடுத்த நிலப்பட்டா செல்லாது என்று புதிய அரசின் நில ஆணையம் சொல்லிவிட்டது. லோரிமியே 1806-இல் ஊருக்கு மனை போட்டு, தெரு அளந்து கொடுத்திருந்தார். பட்டா கேள்விக்குள்ளானதும் மனை வாங்கப் பயந்தார்கள். 1815-இல் மாவட்டத் தலைமையிடமே உள்ளே தள்ளியிருக்கும் ஜாக்சன் ஊருக்குப் போய்விட்டது. வழக்கு தீர்ந்து, லோரிமியே குடும்பத்தின் உரிமை உறுதியானது 1836-இல். அவர் இறந்து 24 வருடம் ஆகியிருந்தது. நடுவில் 1811-12 குளிர்காலத்தில் தெற்கே நியூ மாட்ரிட் பகுதியை உலுக்கிய பெரும் நிலநடுக்கங்கள் வேறு.

ஷானி மக்களுக்கு அந்த அளவு அவகாசம்கூடக் கிடைக்கவில்லை. வெள்ளையர் குடியேற்றம் ஆப்பிள் கிரீக் ஊர்களைச் சுற்றி நெருக்கியது. 1825 நவம்பரில் செயின்ட் லூயிஸில் ஓர் ஒப்பந்தம். ஸ்பானிய அரசு கொடுத்திருந்த கேப் ஜிராடோ நிலத்தை விட்டுக்கொடுத்து, மேற்கே இன்றைய கான்சாஸ் பக்கம் அவர்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. ஓஹையோவில் எரிந்து, மிசூரியில் நட்டு, மறுபடியும் பிடுங்கப்பட்டார்கள். ஊர் வரலாற்றைச் சொல்கிறவர்கள் லோரிமியேயின் பின்னலைப் பற்றி ஆர்வமாகப் பேசுகிறார்கள். அந்த ஒப்பந்தத்தையும் அதே ஆர்வத்தோடு பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

அடுத்த பதின்மூன்று வருடத்தில் இதே கரைக்கு இன்னொரு மக்கள் கூட்டம் வந்தது. அதைப் பார்க்க ஊரிலிருந்து 177-ஆம் சாலையில் வடக்கே பத்து மைல் போக வேண்டும். கண்ணீர்த் தடம் மாநிலப் பூங்கா. 3,400 ஏக்கருக்கு மேல் காடும் மலைச்சரிவும். ஆற்றைப் பார்த்தபடி ஓங்கிய பாறைச்சுவர்கள். குளிர்காலத்தில் வெண்தலைக் கழுகுகள் வரும்.

பூங்காவுக்குப் பெயர் கொடுத்தது செரோக்கி மக்களின் வெளியேற்றம். அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜார்ஜியா, டென்னசி, வட கரோலினா, அலபாமா பகுதிகளில் சொந்த எழுத்தும் அரசியல் சாசனமும் செய்தித்தாளும் வைத்திருந்த சமூகம். 1830-இல் பழங்குடிகளை மிசிசிப்பிக்கு மேற்கே அகற்றும் சட்டம் வந்தது. 1832-இல் உச்ச நீதிமன்றம் செரோக்கிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லியும் நடைமுறையில் பலன் இல்லை. 1835-இல் தலைமைக்குச் சம்பந்தமில்லாத சிறு குழு ஒன்றின் கையெழுத்தை வாங்கி, அதையே மொத்த மக்களும் நிலத்தை விட்டுக்கொடுத்த ஒப்பந்தம் என்று அரசு எடுத்துக்கொண்டது. 1838 கோடையில் ராணுவம் வீடு வீடாகப் போய் ஆட்களை முகாம்களில் அடைத்தது. அந்தக் கோடையில் கடும் வறட்சி. பயணம் தள்ளிப்போய், பெரும்பாலானோர் இலையுதிர்காலத்தில்தான் கிளம்பினார்கள். அந்தத் தாமதம் அவர்களை நேராகப் பனிக்குள் கொண்டுபோய்விட்டது.

தரைவழியாகக் கிளம்பிய பதின்மூன்று பெருங்குழுக்களில் ஒன்பது இந்தப் பூங்கா இருக்கும் இடத்தில்தான் மிசிசிப்பியைக் கடந்தன. எதிர்க்கரை இல்லினாயை அடைந்தபோது ஆற்றில் பனிப்பாளங்கள் மிதந்து வந்தன. படகு விட முடியவில்லை. பின்னால் ஓஹையோ ஆறு, முன்னால் மிசிசிப்பி, நடுவில் தென் இல்லினாயின் உறைந்த மண். வாரக்கணக்கில் அங்கேயே கிடந்தார்கள். பலருக்கு ஒரு போர்வைக்கு மேல் கிடையாது. வெளியேற்றம் முழுவதிலும் முகாமிலும் வழியிலும் இறந்தவர்கள் சுமார் 4,000 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

பூங்காவில் ஒரு நினைவிடம் இருக்கிறது. ஒட்டாக்கி என்ற இளவரசியின் கல்லறை என்று தலைமுறைகளாகச் சொல்லிவந்தார்கள். செரோக்கிகளிடம் இளவரசி என்று யாரும் கிடையாது. ஒரு குழுவை வழிநடத்திய பாப்டிஸ்ட் போதகர் ஜெஸ்ஸி புஷிஹெட்டின் சகோதரி நான்சி அங்கே இறந்தார், அவர் நினைவுதான் கதையாக மாறியிருக்க வேண்டும் என்பது இப்போது ஏற்கப்படும் கருத்து. கதை அழகாக இருக்கலாம், எனக்கு நான்சி போதும். பனியில் செத்துப்போன ஒருத்திக்காக மனம் கனக்க அவள் இளவரசியாக இருக்க வேண்டுமா என்ன?

அதே குழு பனியால் ஒரு மாதம் தேங்கி நின்று ஆற்றைக் கடந்ததும், 1839 ஜனவரி 3 அன்று புஷிஹெட் தம்பதிக்கு இந்தக் கரையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. எலைசா மிசூரி என்று பெயர் வைத்தார்கள். அந்தக் குழந்தை பிழைத்தது. செரோக்கிகளின் புதிய தலைநகரான தாலக்வாவில் விடுதி நடத்தி, ஊரே அத்தை என்று கூப்பிடும் பெண்மணியாக நீண்ட நாள் வாழ்ந்தார். அவருடைய அண்ணன் டென்னிஸ் 1879 முதல் 1887 வரை செரோக்கி தேசத்தின் முதன்மைத் தலைவராக இருந்தார். பூங்காவுக்குப் போகிற பெற்றோர்கள் பிள்ளைகளுக்கு இந்தக் குடும்பத்தின் கதையைச் சொல்லுங்கள். எண்ணிக்கையாகக் கேட்டால் அவர்களுக்கு ஒன்றும் ஒட்டாது.

ஊருக்குள் மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆற்றங்கரையிலிருந்து படியேறினால் 1854-இல் கட்டிய பழைய நீதிமன்றம், உச்சியில் கூம்புமாடத்தோடு. உள்நாட்டுப் போரில் இதன் அடித்தளம் சிறையாக இருந்தது. கீழே செயின்ட் வின்சென்ட் பழைய தேவாலயம். 1850-இல் வந்த சூறாவளி முந்தைய கட்டடத்தைச் சாய்த்துவிட்டதால் 1853-இல் எழுப்பியது. வெள்ளத் தடுப்புச் சுவரில் 24 சட்டங்களில் ஊரின் வரலாற்றை ஓவியமாகத் தீட்டியிருக்கிறார்கள். அந்தச் சுவர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு: இங்கே ஆறு 32 அடியைத் தொட்டாலே வெள்ளம். 2016 ஜனவரி 2 அன்று 48.86 அடி ஏறியது. 1993-இன் பெருவெள்ளத்தையும் மிஞ்சிய உயரம் அது. சுவர் தாங்கியது. தெற்கே 2003-இல் திறந்த பில் எமர்சன் பாலம், கம்பிவடங்களில் தொங்குவது, சுமார் 4,000 அடி நீளம்.

கோட்டை டி மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. 1861-இல் வடக்குப் படை ஊரைச் சுற்றி நாலு மண்கோட்டைகள் போட்டது. மற்ற மூன்றும் வீடுகளுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அடியில் போய்விட்டன. இது தப்பித்தது. நடுவில் இருக்கும் கல்கட்டடம் 1930-களில் வந்தது, ஆனால் புல் மூடிய மண்கரைகள் போர்க்காலத்தவை. கோட்டை வேலையை மேற்பார்த்த இளம் அதிகாரி ஜான் வெஸ்லி பவல். பின்னாளில் கிராண்ட் கேன்யனில் படகு விட்டாரே, அதே பவல். கல்யாணம் செய்துகொள்ள அவருக்கு விடுப்புக் கொடுத்தவர், அப்போது இந்தப் பகுதியின் தளபதியாக இருந்த யுலிசிஸ் கிராண்ட். 1862-இல் ஷைலோ சண்டையில் பவல் வலக்கையை இழந்தார். 1869-இல் கொலராடோ ஆற்றில் இறங்கியது ஒற்றைக் கையோடு. இந்த ஊர்மீது 1863 ஏப்ரல் 26 அன்று தெற்குப் படையின் மார்மடூக் தாக்கியபோது, சில மணி நேரச் சண்டையிலேயே கோட்டைகளின் பீரங்கிகள் அவரைத் திருப்பி அனுப்பின.

பிள்ளைகளோடு வருகிறவர்கள் மேற்கே பர்ஃபர்ட்வில் வரை போய் பாலிஞ்சர் ஆலையைப் பார்க்கலாம். ஓடை நீரில் ஓடிய நாலடுக்கு மாவு ஆலை. பக்கத்திலேயே 140 அடி நீளத்துக்குக் கூரை போட்ட மரப்பாலம், 1858-இல் தொடங்கிப் போரால் நின்று 1868-இல் முடிந்தது. மீன்பிடிக்க, கட்டுச்சோறு சாப்பிட நல்ல நிழல்.

கடைசியாக டவர் ராக். ஊருக்கு வடக்கே, ஜெர்மானிய லூத்தரன் குடியேறிகள் 1839-இல் அமைத்த விட்டன்பர்க் ஊரை ஒட்டி, ஆற்றுக்குள் தனியாக நிற்கும் பாறைத்தீவு. 1673-இல் இந்த வழியாக வந்த பாதிரியார் மார்க்கெட், இங்குள்ள சுழலில் ஒரு பேய் இருப்பதாகப் பழங்குடிகள் அஞ்சுவதை எழுதியிருக்கிறார். லூயிஸ் இதன் உச்சிவரை ஏறி உயரம் அளந்தார். முதல் தடவை இதைத் தாண்டுகிற படகோட்டி மற்றவர்களுக்குச் சாராயம் வாங்கித் தர வேண்டும், இல்லையென்றால் தண்ணீரில் முக்கிவிடுவார்கள் என்ற வழக்கத்தையும் அவர்தான் குறித்துவைத்தார். படகுப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று 1870-களில் ஆற்றுப் பாறைகளைத் தகர்த்துக்கொண்டு வந்த பொறியாளர்கள் இதையும் தகர்க்கப் பார்த்ததாகவும், பின்னாளில் பாலத்துக்குத் தூணாக உதவும் என்று அதிபராக இருந்த கிராண்ட் தடுத்ததாகவும் சொல்வார்கள். கேப் ராக்கைக் காப்பாற்ற அப்படி ஒருவர் வாய்க்கவில்லை.

ஆறு நன்றாக வற்றிய வருடங்களில் டவர் ராக்குக்குக் கரையிலிருந்து கற்களின் மேல் நடந்தே போகலாம். 2012-இலும் 2022-இலும் 2023-இலும் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். போகிறவர்கள் கிளம்புவதற்கு முன் ஆற்றின் நீர்மட்டத்தை இணையத்தில் பார்த்துவிடுங்கள். மேலே எங்காவது மழை பெய்திருந்தால் மட்டம் ஏறிக்கொண்டிருக்கும், திரும்பி வரும் வழி மூழ்கிவிடும். பிடிப்புள்ள காலணி வேண்டும். கோடைக்கடைசி, இலையுதிர்காலம்தான் சரியான நேரம். அந்த மாதங்களில் கண்ணீர்த் தடம் பூங்காவின் மேல்பார்வை மேடையிலிருந்து இல்லினாய்க் கரையும் தெளிவாகத் தெரியும்.